நான் சந்தேகப்படாத ஒரே டிரைவ்

எதையும் நம்பாமலிருப்பதற்காக மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். எங்கோ யாரோ செய்த வீடியோ கேமை, டிவியில் மாட்டி விளையாடும் கன்சோலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது கம்பெனியின் தொழில். மாற்றியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது என் தொழில். பதினோரு பேர் வேலை செய்யும் இடத்தில் நான் ஒருவன்தான் டெஸ்டர். "ஓடுது சார்" என்று யார் வந்து சொன்னாலும் "எங்க, காட்டு" என்பேன். பத்துத் தடவை ஓட்டிக் காட்டினால் பதினோராவது தடவை நானே உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பேன்.

வீட்டிலும் இதே குணம்தான். ஓக்கலிபுரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. "உங்களுக்கு உங்க நெழலு மேலயே டவுட்டு" என்பாள் என் மனைவி. கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டு சொன்னாள். இப்போது சிரிக்காமல் சொல்கிறாள்.

கேமை கன்சோலில் ஏற்றுவது எப்படியென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேம் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டுவார்கள். அதற்குப் பேக்கேஜ் என்று பெயர். அந்தப் பேக்கேஜை வெளியே தனியாக இருக்கும் ஒரு ஹார்ட் டிரைவில் போட்டு, டிரைவை கேபிளால் கன்சோலில் செருகி, இன்ஸ்டாலர் என்ற புரோகிராமைத் திறந்தால் அது மூட்டையைப் பிரித்து உள்ளே அடுக்கிவிடும். எங்களிடம் அப்போது இருந்த பழைய இன்ஸ்டாலருக்கு ஆயிரம் நொரநாட்டியம். பேக்கேஜ் டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் இருக்கக்கூடாது, எடுத்த எடுப்பில் கண்ணில் பட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஏற்றும். அதையும் நேராக ஏற்றாது. முதலில் முழு மூட்டையையும் கன்சோலுக்குள் நகல் எடுத்துக்கொள்ளும், அப்புறம்தான் பிரிக்கும். ஆகவே ஒரு கேமுக்கு இரண்டு கேமின் இடம் வேண்டும். நடுவில் கேபிள் கொஞ்சம் அசைந்தால் போயிற்று, மறுபடி முதலிலிருந்து. பெரிய கேம் என்றால் காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாடு வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்கு அது பிடித்திருந்தது. மெதுவாகப் போகிற எதன்மேலும் எனக்கு ஒரு மரியாதை. அது ஊர்ந்துகொண்டிருக்கும்போது டீ குடிக்கலாம், நோட்டில் எழுதலாம், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கலாம். எனக்கென்று ஒரு டிரைவ் வைத்திருந்தேன். கறுப்பு நிறம், உள்ளங்கை அளவு. அதன் மேல்பக்கம் முழுக்க என் கையெழுத்தில் வெள்ளை மார்க்கரில் குறிப்புகள். அதை வேறு யாரும் தொட விடமாட்டேன். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட என்னைக் கைவிட்டதில்லை என்று எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்வேன்.

அந்த வருஷம் கோடையில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். திருப்பத்தூர்ப் பக்கம். இருபத்து நான்கு வயது இருக்கும். பேக்கேஜ் கட்டும் வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக ஏற்பாடு. சேர்ந்த இரண்டாம் வாரமே, "இந்த இன்ஸ்டாலர நான் மாத்தி எழுதட்டுமா சார்?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

"ஏம்மா, இது உன்னை என்ன பண்ணுச்சு?"

"உங்க அரை நாள சாப்டுது சார்."

"என் அரை நாளு, நான் பாத்துக்கறேன். உனக்கென்ன வந்துது?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய் எங்கள் ஓனரிடம் கேட்டாள். அவர் கன்னடக்காரர். ஐம்பது தாண்டியவர், எந்தப் புது விஷயத்துக்கும் முதலில் சரி சொல்லிவிட்டு அப்புறம் யோசிப்பவர். "மாடி, மாடி", அதாவது செய்யுங்கள் செய்யுங்கள் என்று கன்னடத்தில் சொல்லித் தட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவளே சொன்னாள். "நிரந்தரம் ஆச்சுன்னாதான் சார் பெங்களூரு. இல்லாட்டி பொட்டிய கட்டிக்கினு வந்துடுன்னு அப்பா சொல்லிட்டாரு. அங்க போனா கல்யாணம்தான் அடுத்தது. மாப்ள கூட ரெடியா வெச்சிருக்காங்க." மறைக்காமல் சொன்னாள். எனக்கு அதுவே உறுத்தியது. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவையும் என்னிடம் ஏன் சொல்கிறாள்? நாளைக்கு என் கையெழுத்து வேண்டியிருக்கும், அதற்குத்தான் இப்போதே அடி போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். டெஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் எந்தப் புரோகிராமும் எங்களிடம் புழக்கத்துக்கு வரும்.

நான்கு மாதத்தில் புதிய இன்ஸ்டாலரை முடித்துவிட்டாள். டிரைவில் பேக்கேஜ் எந்த மூலையில் எந்த ஃபோல்டருக்குள் கிடந்தாலும் அது தேடி எடுத்தது. ஐந்து கேமை வரிசையில் விட்டுவிட்டு எழுந்து போகலாம், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஏறும். நகல் எடுக்கும் வேலையே இல்லை, டிரைவிலிருந்து நேராகப் படித்துப் பிரித்தது. கேபிள் பிடுங்கிக்கொண்டால் காத்திருந்து, திரும்பச் செருகியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நிமிஷத்தில் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் ஒரு ஃபைலில் குறித்து வைத்தது. அரை நாள் வேலை இருபத்திரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் நோட்டைத் திறந்தேன். அரை நாள் எடுத்த ஒன்று இருபத்திரண்டு நிமிஷத்தில் எப்படி முடியும்? எங்கேயோ எதையோ முழுங்குகிறது. மூன்று வாரம் விடாமல் சோதித்தேன். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் சந்தேகம் இன்னும் கூடியது. பத்துக் குற்றமாவது இல்லாத புரோகிராமை நான் பார்த்ததே இல்லை. இதில் இல்லையென்றால் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம் என்று நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தை இப்போது படித்தால் கூசுகிறது.

இந்தச் சமயத்தில்தான் அவள் பையைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் எடுக்கத் திறந்தாள், உள்ளே மூன்று டிரைவ்கள். அலுவலகத்தின் டிரைவ்களில் எல்லாம் நம்பர் ஒட்டியிருக்கும். இவற்றில் ஒன்றும் இல்லை. எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. இன்னும் வெளியே வராத கேம்கள் எங்களிடம் இருக்கின்றன. அதில் ஒன்று வெளியே போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அன்றிலிருந்து அவள் எத்தனை மணிக்கு வருகிறாள், எத்தனை மணிக்குப் போகிறாள், எந்த கன்சோல் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று எழுத ஆரம்பித்தேன். அவளிடம் நேராக ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் அல்லவா!

ஆயுத பூஜை வந்தது. எங்கள் அலுவலகத்தில் விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானமே பூஜையை முடித்துவிடுவோம். கம்ப்யூட்டர், கன்சோல், கண்ட்ரோலர், டிரைவ், கேபிள், கீழே நிற்கும் ஓனரின் கார் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு. வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரி பொட்டலம் கொடுத்து அனுப்புவார்கள். பொட்டு வைக்கும் வேலை வருஷா வருஷம் என்னுடையது. வயதில் மூத்தவன், நெற்றியில் விபூதி இல்லாமல் வராதவன் என்பதால் அதை எனக்கே விட்டுவிட்டார்கள். அந்த வருஷம் சந்தனத்தையும் நானே குழைத்தேன். பன்னீர் கொஞ்சம் தாராளமாகிவிட்டது. என் டிரைவுக்கு வந்தபோது மேல்பக்கம் முழுக்க என் எழுத்து, அதைக் கெடுக்க மனமில்லை. வழக்கம்போல கேபிள் செருகும் ஓரத்தில் ஒரு விரல் சந்தனம், அதன்மேல் குங்குமம். யாரோ போட்டோ எடுத்தார்கள். டிரைவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துணியில் சுற்றி, என் மேசையில் வைத்துப் பூட்டினேன்.

நான்கு நாள் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு முக்கியமான வேலை. கேமைக் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் கண் முன்னாலேயே புதிய இன்ஸ்டாலரில் கேமை ஏற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். அது நல்லபடியாக முடிந்தால் அவளுக்கு அந்த வாரமே நிரந்தரக் கடிதம் என்று ஓனர் சொல்லியிருந்தார். அவள் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பேக்கேஜ் என் டிரைவில் இருந்தது. நானே செருகினேன்.

நான்கு நிமிஷம் ஓடி நின்றது. தானாகத் தொடர்ந்தது. மறுபடி நின்றது. இப்படி இருபது தடவை தத்திவிட்டுக் கடைசியில் கையை விரித்துவிட்டது. டிரைவுடன் தொடர்பு நிலையாக இல்லை, கேபிளையும் டிரைவையும் சரிபார்க்கவும் என்று திரையில் எழுதிக் காட்டியது. வீடியோவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓனரின் முகம் செத்துவிட்டது.

"சார், வேற டிரைவ்ல போட்டுப் பாக்கலாமா? கேபிளாச்சும் மாத்தலாம்" என்றாள் அவள்.

"ஏன்? என் டிரைவுக்கு என்ன கேடு? ஆறு வருஷமா ஓடுது. உன்னுது ஆறு வாரம் ஓடல. தன் தப்ப என் டிரைவ் தலையில போடுது, நல்லா எழுதி வெச்சிருக்கியே!" என்றேன். எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவள் டிரைவை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்தாள். ஓரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்படியே மேசைமேல் வைத்துவிட்டாள்.

நான் பழைய இன்ஸ்டாலரைத் திறந்து, கேபிளை அழுத்திச் செருகி, அதே பேக்கேஜை அதே டிரைவிலிருந்து போட்டேன். இரண்டரை மணி நேரம் ஆனது. முதல் தடவையே ஏறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! பாருங்கள், கிழவன் ஜெயித்துவிட்டான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஒரு தடவை ஓடியதை நம்பாதே என்று பதினெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், அன்றைக்கு இரண்டாம் தடவை ஓட்டிப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது.

அன்று மாலை ரிப்போர்ட் எழுதினேன். புதிய இன்ஸ்டாலர் நம்பத்தகுந்ததல்ல, தவறைச் சாதனத்தின் மீது சுமத்துகிறது என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். ஓனர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் பையில் இருக்கும் மூன்று டிரைவ்களைப் பற்றியும் சொன்னேன்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் கூட இருந்தேன். அவள் பையைத் திறந்து மூன்றையும் மேசைமேல் வைத்தாள். "எஸ்.பி. ரோட்ல வாங்கின பழைய டிரைவ் சார். மூணுமே கோளாறு. கோளாறான டிரைவ்லேருந்து படிச்சா என் இன்ஸ்டாலர் என்ன பண்ணுதுன்னு பாக்க வாங்கினேன். செருகிப் பாருங்க, உள்ள ஒண்ணும் இல்ல."

"எல்லாரும் சொல்றதுதான்" என்றேன் நான். அந்த இரண்டு வார்த்தைகளை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். செருகிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அழித்திருப்பாள் என்றேன். ஓனர் என் பேச்சை நம்பி, வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். போகும்போது ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என் மேசைக்கு வந்து, "வரேன் சார்" என்றாள். நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றேன்.

திங்கட்கிழமை வேறொரு கேமை ஏற்ற வேண்டியிருந்தது. பழைய இன்ஸ்டாலர்தான், என் டிரைவ்தான். பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து, மறுபடி நின்றது. மூன்றாம் தடவையும் நின்றபோது எரிச்சலில் கேபிளைப் பிடுங்கினேன். முனையில் மஞ்சளாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது, நடுவில் கொஞ்சம் சிவப்பு. செல்போன் வெளிச்சத்தில் டிரைவின் துளைக்குள் பார்த்தேன். காய்ந்த சந்தனம், உள்ளே வரைக்கும் இறங்கி இறுகிக் கிடந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது பூஜை இல்லை. அவள்தான் போகிற போக்கில் ஆத்திரத்தில் தடவிவிட்டுப் போய்விட்டாள் என்பதுதான் வந்தது. சட்டென்று நிமிர்ந்து, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். இவளை விடக்கூடாது, போலீஸில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஒரு நிமிஷம் ஓடியது. ஆதாரம் வேண்டுமே என்று அவளுடைய இன்ஸ்டாலர் எழுதி வைத்த ஃபைலைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை பதினொன்று ஏழுக்கு முதல் தடவை தொடர்பு அறுந்தது என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் பத்தொன்பது வரி. அப்படியானால் சந்தனம் அதற்கு முன்பே இருந்திருக்கிறது. அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் பூஜை போட்டோக்களைத் தேடினேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நான் நிற்கிறேன். இடது கையில் டிரைவ், வலது கை மோதிர விரல் அந்தத் துளையின் மேல்.

பல் குத்தும் குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, காய வைத்து, அவளுடைய இன்ஸ்டாலரில் போட்டேன். இருபத்திரண்டு நிமிஷம். ஒரு தடவைகூட அறுபடவில்லை. அன்றும் மறுநாளுமாகப் பத்துத் தடவை ஓட்டினேன். பத்துத் தடவையும் ஏறியது. பழையதில் அன்றைக்கு ஏறியது என் அழுத்தலில் ஏதோ அந்த ஒரு தடவை பிடித்துக்கொண்டதால். வேறொன்றும் இல்லை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செவ்வாய் போனது, புதன் போனது. வேறு வேலை கிடைத்திருக்கும், கெட்டிக்காரப் பெண் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை மனைவி பிடித்துக்கொண்டாள். யாரோ செய்த தப்பு மாதிரி, சுற்றி வளைத்து அவளிடம் சொன்னேன். டிரைவில் எப்படியோ சந்தனம் போய்விட்டதாம், அதனால் ஒரு பெண்ணின் வேலை போய்விட்டதாம்.

"எப்படியோ இன்னா எப்படியோ? பொட்டு வெச்சது நீங்கதானே?" என்றாள்.

"வேணும்னா வெச்சேன்?"

"பொட்டு வேணும்னு வெக்கல. ரிப்போர்ட் வேணும்னுதான எழுதினீங்க?" தட்டை என் முன்னால் இருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "மூணு தடவ பூட்டு இழுத்துப் பாக்கத் தெரியுது. அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் பண்ணத் தெரியல" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஓனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோவையும் காட்டினேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏன் ஸ்வாமி, உங்க பேச்ச நம்பித்தானே நான் அந்த ஹுடுகிய, அந்தச் சின்னப் பொண்ண அனுப்பினேன்? இன்னொரு ரிப்போர்ட் எழுதுங்க. தப்பு யாருதோ, அவங்க ஹெசரு, பேரு அதில இருக்கணும். அந்தப் பொண்ணு வந்தா இன்னைக்கே பர்மனென்ட். கூப்ட்டு வர்ற வேலை உங்களுது" என்றார். ரிப்போர்ட்டை எழுதினேன். தப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதக் கை வரவில்லை, எழுதினேன். நிரந்தரக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை அவள் தங்கியிருந்த லேடீஸ் பி.ஜி. விடுதிக்குப் போனேன். பொம்மனஹள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஆண்கள் கேட்டைத் தாண்டக்கூடாது. சொல்லியனுப்பிவிட்டு வெளியே நின்றேன். அவள் வந்தாள். என்னைக் கண்டதும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கேட்டுக்கு உள்ளே இரண்டு பையும் ஒரு பக்கெட்டும் கட்டித் தயாராக இருந்தன.

"ஊருக்கா?" என்றேன், மடையன் மாதிரி.

"நாளைக்கு அப்பா வர்றாரு சார், கூட்டினு போக. சொல்லுங்க."

நின்றபடியே சொன்னேன். சந்தனம், துளை, பத்துத் தடவை ஓட்டியது, எல்லாம். அவள் ஆச்சரியப்படுவாள், கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் சார்."

"தெரியுமா? எப்போ?"

"அன்னைக்கே. டிரைவ கையில எடுத்தப்பவே பாத்துட்டேன். ஓரத்துல ஈரம் காஞ்ச கறை இருந்துச்சு."

எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அட, அப்பவே சொல்லி இருக்கலாம் இல்ல? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் ஆகியிருக்குமா?"

"சொல்லியிருந்தா நான்தான் தடவி வெச்சேன்னு எழுதியிருப்பீங்க சார்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். திங்கட்கிழமை அந்தக் கேபிளைப் பிடுங்கியதும் எனக்கு முதலில் தோன்றியது அதுதானே. அவளுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது. கடிதத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தாள். அப்புறம் என் எதிரிலேயே ஓனருக்குப் போன் போட்டு, "சார், இந்த லெட்டர் நீங்க குடுத்ததுதானா? ரிப்போர்ட்ல இருந்து என் பேர எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் என்ன சொன்னாரோ, "சரி சார், அப்பாவ கேட்டுட்டு சொல்றேன்" என்று வைத்தாள். அவள் என்னை நம்பாமல் சரிபார்த்ததில் எனக்குச் சுருக்கென்றது. அவள்மேல் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

"வருவ தானேம்மா?" என்றேன்.

"நான் வருவேன் சார். அப்பா உடணும். வேலை போச்சுன்னு மட்டும்தான் சொல்லி இருக்கேன். ஏன் போச்சுன்னு சொல்லல. சொன்னா, அப்போ அவங்க சொல்றதுல ஏதாச்சும் இருக்குமோன்னு அவரு மனசுலயும் வந்துரும்." போனில் நம்பரைத் தட்டி என்னிடம் நீட்டினாள். "நீங்களே பேசுங்க."

மணி அடித்துக்கொண்டிருந்தது. வாங்கிக் காதில் வைத்தேன். எடுத்தார். பின்னால் டீக்கடைச் சத்தம் கேட்டது. "சொல்லும்மா" என்றார்.

"நான் அவங்க ஆபீஸ்லேருந்து பேசறேங்க. கூட வேலை பாக்கறவன்."

"வணக்கம் சார். சொல்லுங்க சார்." குரலில் சட்டென்று ஒரு பணிவு வந்துவிட்டது. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கேவலமாகப் போய்விட்டது.

"உங்க பொண்ணு வேலை போனதுக்கு நான்தாங்க காரணம். அவங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. என் டிரைவ்ல கோளாறு. அத அவங்க தலையில போட்டுட்டேன். திருட்டுப் பழியும் சேத்துப் போட்டேன். எல்லாம் பொய்ங்க. இப்போ பர்மனென்ட் லெட்டர் குடுத்திருக்காங்க, அவங்க கையில இருக்கு."

கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது.

"எம் பொண்ணு மேல ஒண்ணும் இல்லியே?"

"சத்தியமா ஒண்ணும் இல்லீங்க."

"ஒரு வாரமா நான் அவ கூட சரியாவே பேசல சார். பட்டணத்துல இன்னா பண்ணிச்சோன்னு எனக்கும் ஒரு மாதிரியா இருந்துச்சு. சரி, அவ அங்கயே இருக்கட்டும். நாளைக்கு நான் வரல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். தப்பு உங்களுதுன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கெழமங்க" என்றேன்.

"இன்னைக்கு சனிக்கெழம சார்" என்றார் அவர்.